சாவிக்கொத்து இடுப்பு

சுகிர்தாவுக்கு ஷாமியானா நிழலில் முன்வரிசை நாற்காலி கிடைத்திருந்தது. கிடைத்தது என்பதா மாட்டிக்கொண்டது என்பதா, அதை அவள் மனசைத்தான் கேட்க வேண்டும்; அந்த மனசோ ஓரிடத்தில் உட்கார வைத்தால் நாலு தெரு சுற்றிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற மனசு. எதிரே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் போலீஸ் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் ஜெயராணி தியேட்டர், தியேட்டர் முகப்பில் மாடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ், ஃபிளெக்ஸில் முக்கால்வாசி ஒரு இடுப்பு. கறுத்து மினுங்கி, ஒரு பக்கமாக வெட்டி நிற்கிற இடுப்பு. அதில் செருகிய சாவிக்கொத்து ஆடுகிற வேகத்தில் கலங்கித் தெரிந்தது. இடுப்புக்கு மேலே, வானத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு முகம். முகம் பம்பாயிலிருந்து வந்த நடிகையுடையது. நல்ல சிவப்பான அந்த நடிகைக்குக் குடிசைப் பகுதிப் பெண் வேஷம் என்பதால் பழுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். இடுப்பு சுகிர்தாவுடையது. இந்த விஷயம் அந்தக் கூட்டத்தில் சுகிர்தாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் அம்மா கன்னியம்மாவுக்கும் தெரியாது. அந்த இடுப்பு ஆடுகிற சாவிக்கொத்துப் பாட்டைப் படத்திலிருந்து எடுக்கச் சொல்லி ஆர்ப்பாட்டம் செய்யத்தான் எல்லாரும் கூடியிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சுகிர்தாவையும் மைக்குக்குக் கூப்பிடுவார்கள், படித்த பெண், பள்ளிக்கூட டீச்சர், நம் பகுதியின் பெருமை என்று. அவள் எழுந்து போய் அந்த இடுப்பைத் திட்ட வேண்டும்.

பார்க்கக் கூடாது என்று கண்ணைக் கீழே இறக்கினால் நசுங்கின டீ கப்பும் வாழைப்பழத் தோலும். கண் அங்கே கொஞ்சம் நிற்கும். பிறகு தானாகவே செருப்பிலிருந்து தடுப்புக்கு, தடுப்பிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து மேலே ஏறிப் போய் அங்கேயே நின்றுவிடும். தன்னைத் தானே இவ்வளவு பெரிதாக உலகத்தில் எவளும் பார்த்திருக்க மாட்டாள். வீட்டுச் சுவரில் இருக்கிற கண்ணாடி பொட்டு வைக்கிற அளவுதான். பீரோவில் ஒரு ஆளுயரக் கண்ணாடி உண்டு, அதன் முன்னால் நின்றால் அம்மாவும் கூடவே நிற்பாள், மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா, முந்தானை முதுகை மூடியிருக்கிறதா என்று. இங்கே ஒரு பஸ்ஸை விரித்து மாட்டின மாதிரி மாட்டியிருக்கிறார்கள். வெயில் நேராக அதன் மேலே விழுந்து, அசலாகவே வியர்க்கிற மாதிரி இருந்தது. சுகிர்தாவுக்கும் வியர்த்தது. சாம்பல் நிறக் காட்டன் புடவைக்குள், ஊக்கு குத்தியிருக்கிற இடத்தில், சரியாக அங்கேயே வியர்த்தது. இங்கே வியர்ப்பது அங்கே தெரியுமோ என்று ஒரு கணம் பயந்தே போனாள். பைத்தியமா உனக்கு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"எம்மாம் பெருசா வச்சிகிறான் பாரு கன்னி," என்றாள் பின் நாற்காலியிலிருந்து டில்லியக்கா. பக்கத்து லைன் வீட்டுக்காரி. எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். "கொஞ்சமாச்சும் வெக்கம் கீதா அவனுங்களுக்கு?"

"அத ஏன் பாக்குற. திரும்பிக்க," என்றாள் அம்மா.

"எங்க திரும்பறது? கண்ணு முன்னாடி கட்டி வச்சிட்டு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. எம்மா ஆட்டம் ஆடிகிறா, ஒரு சாவி கீழ வுழல பாரு. நானும் கல்யாணம் ஆன நாள்லேந்து இடுப்புல சாவி சொருவுறேன், எங்க வுழுந்துச்சின்னு தேடாத நாளே கெடையாது."

சுற்றி இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாற்காலிகள் குலுங்கின.

"டில்லி, நாம இங்க எதுக்கு வந்திருக்கோம்?"

"சரி சரி. சிரிக்கல. ஒழிக, ஒழிக."

சாவி விழாததற்குக் காரணம் இருக்கிறது அக்கா, மீன்பிடி நரம்பு போட்டு உள்ளாடையோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள், என்று சுகிர்தாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை முழுங்கினாள். முழுங்கினது தொண்டையில் நிற்காமல் கீழே இறங்கி, வயிற்றில் எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்து சூடாக இருந்தது. அது வெட்கமில்லை. வெட்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அம்மாவோடு தெருவில் நடந்த நாளெல்லாம் தெரியும். இது வேறு. எம்மா ஆட்டம் ஆடிகிறா. ஆடினது யார் என்று தெரியாமலே, பின்னாலிருந்து ஒருத்தி உண்மையாகச் சொல்லிவிட்டாள். திரும்பி அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் அம்மாவின் முழங்கை. அம்மாவின் முழங்கை எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

இடுப்பு என்கிற சொல்லே அந்த வீட்டில் புழங்குவதில்லை. வலி வந்தால்கூட சைடுல வலிக்குது என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய மனுஷியான நாளிலிருந்து, வெளியே போனால் அம்மா அவளுக்குப் பின்னால்தான் வருவாள். முன்னால் போவது மகள், பின்னால் வருவது கண். ஆட்டிக்கிட்டு நடக்காத, நேரா நட. நேராக என்றால் எப்படிம்மா, எலும்பு அப்படித்தானே கோத்திருக்கிறது? கேட்டதில்லை. ஒரு குடம் தண்ணீரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறவள் மாதிரி விறைப்பாக நடக்கப் பழகிக்கொண்டாள். காலேஜில் அவளைப் போலீஸ் என்று கூப்பிட்டார்கள். நைட்டியோடு வாசல் தாண்டக் கூடாது. தலையில் பூ இரண்டு விரல் அகலத்துக்கு மேல் கூடாது. சிவப்பு லிப்ஸ்டிக் நம்ம நிறத்துக்கு ஆகாது. பவுடர் திட்டுத்திட்டாகத் தெரியக் கூடாது, தெரிந்தால் வெள்ளையடிச்ச சுவரு என்பார்கள். நம்மளப் பாத்து ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அவ்ளோதான், என்பாள் அம்மா. அம்மாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடலாம், அது சுலபம், நினைத்துப் பார்த்தும் இருக்கிறாள். ஆனால் நினைத்து முடிப்பதற்குள் அந்த மாம்பழ நிறப் புடவை குறுக்கே வந்துவிடும். சுகிர்தா மூன்றாம் வகுப்பு. பொங்கலுக்கு எடுத்த புடவை, மாம்பழம் என்றால் அப்படி ஒரு மாம்பழம், அம்மாவின் கறுப்பில் அது விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது. பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் பைக்கை மெதுவாகக் கொண்டுவந்து நிறுத்தி, வரியா, என்றான். அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று. யாருமில்லை. ஒன்னத்தான், என்றான். பக்கத்தில் நின்ற பெண்கள் தள்ளிப் போனார்கள். அவனை விட்டு இல்லை, அம்மாவை விட்டு. சின்னச் சுகிர்தாவின் விரல்களை அம்மா எப்படிப் பிடித்தாள் என்றால், இன்றைக்கும் குளிர்காலத்தில் அந்த விரல்கள் வலிப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு. மறுநாள் பாத்திரக்காரனிடம் அந்தப் புடவையைப் போட்டுவிட்டு ஒரு எவர்சில்வர் கிண்ணம் வாங்கினாள் அம்மா. கிழிசல் இல்லாத புதுப் புடவை. பாத்திரக்காரனே இரண்டு தடவை கேட்டான், நெஜமாவா தாயின்னு. அதற்குப் பிறகு பிஸ்கட் நிறம், சாம்பல், துவைத்து வெளுத்த ஊதா. தெருவில் இருப்பதே தெரியாத நிறங்கள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் பிஸ்கட் நிறம்தான். இந்தப் பிஸ்கட் நிறத்தைத் தாண்டிப் போய் எப்படிச் சொல்வது, அம்மா, அது நான்தான் என்று. சொன்னால் அந்த பஸ் ஸ்டாப் திரும்ப வந்துவிடும். இந்த ஷாமியானா முழுக்க நாற்காலிகளை இழுத்துக்கொண்டு தள்ளிப் போவார்கள், அம்மாவை விட்டு.

ஷாமியானாவின் ஓரத்து மேடையில் கோவேந்தன் அண்ணன் மைக்கைப் பிடித்தார். பகுதி மன்றத்தின் தலைவர், பேச எழுந்தால் கழுத்து நரம்பு முதலில் எழும். "தாய்மார்களே! தமக்கைமார்களே! சினிமாக்காரனுக்கு நம்ம வீடுன்னா என்ன தெரியுமா? சாராயம். கத்தி. அப்புறம் இது!" கை நேராக ஃபிளெக்ஸைக் காட்டியது. எல்லாத் தலையும் திரும்பியது. சுகிர்தாவின் தலையும் திரும்பியது; திரும்பாமல் இருந்தால் கவனிப்பார்களே. "அவன் படத்துல டாக்டர் யாரு? நம்மாளு இல்ல. வக்கீல் யாரு? நம்மாளு இல்ல. ஆனா குத்தாட்டம் போடணுமா, கூப்புடு அந்த ஏரியாவ! நம்ம பொண்ணுங்க காலேஜுக்குப் போனா இந்தப் பாட்டப் பாடித்தான் பின்னால வரானுங்க!" உண்மை. சுகிர்தாவுக்கு இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் என்று படவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது பின் பெஞ்சில் ஒருவன் சாவியைக் குலுக்குகிறான். ஒரு குலுக்கல்தான், தனிம அட்டவணை முழுக்க ஆட்டம் கண்டுவிடுகிறது. ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் ஒரு நாள் ஆசையாகச் சொன்னாள், மிஸ், உங்களப் பாத்தா அந்த ஏரியான்னு யாருமே சொல்ல மாட்டாங்க, கறுப்பா இருந்தாலும் எவ்ளோ களையா, எவ்ளோ டீசன்ட்டா இருக்கீங்க. சுகிர்தா தேங்க்ஸ் என்று சொன்னாள். எதற்குத் தேங்க்ஸ் சொன்னோம் என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தாள், இன்னும் யோசித்து முடியவில்லை. கோவேந்தன் அண்ணன் நல்லவர். சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் இழுத்தடித்தபோது அங்கேயே தரையில் உட்கார்ந்தவர், தங்கச்சி கையில காகிதம் வராம எழுந்திருக்க மாட்டேன் என்று. அவர் போட்ட தரையில்தான் இந்த டீச்சர் நிற்கிறாள். அவர் சொல்வது சரி. அவர் சொல்வது சரி என்றால் நான் யார். துரோகியா. சினிமாக்காரன் கேட்டான், நான் எடுத்துக் கொடுத்தேன், இந்தா என்று. இல்லை, அப்படி நடக்கவில்லை. எப்படி நடந்தது.

கோடை விடுமுறையில் நடந்தது. காலேஜில் கூடப் படித்த பிரிசில்லா டான்ஸ் குரூப்பில் இருந்தாள், ஒரே ஒரு நாள் வாயேன், ஆள் தேடுறாங்க, மூஞ்சிகூட வராது, என்றாள். விடைத்தாள் திருத்தப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கொட்டகை, அதற்குள் தெருவைக் கட்டியிருந்தார்கள், அவள் தெருவை. குழாயடி, கோலம், சுவரில் வறட்டி. வறட்டி எங்கே இருக்கிறது இந்தக் காலத்தில்? கொடியில் கிழிந்த துணிகளாகப் பார்த்து மாட்டிக்கொண்டிருந்தான் ஒரு பையன், இன்னும் கொஞ்சம் கிழி என்று யாரோ கத்தினார்கள். கிழிந்ததை எவளாவது தெருவில் காயப் போடுவாளா, வீட்டுக்குள்தான் போடுவாள், என்று அப்போதே தோன்றியது. நடிகைக்குப் பூசின சாயம் மழை ஷாட்டில் இடுப்பில் கரைந்து வெள்ளை வெள்ளையாக வந்துவிட்டதாம், அதனால்தான் ஆள் தேடினார்கள். மேக்கப்காரர் ஒரு நிற அட்டையைக் கொண்டுவந்து அவள் வயிற்றருகே வைத்துப் பார்த்தார், வீட்டுக்கு டிஸ்டம்பர் பார்க்கிற மாதிரி. "கரெக்டா கீது சார், அந்தம்மாவுக்குப் போட்ட அதே ஷேடு!" எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அந்தம்மாவுக்கு எதைப் பார்த்து அந்த ஷேடு போட்டீர்கள்? எங்களைப் பார்த்துத்தானே? எங்களைப் பார்த்துச் சாயம் கலந்துவிட்டு, சாயத்துக்குப் பொருந்துகிறதா என்று எங்களை வைத்துப் பார்க்கிறீர்கள். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அப்போது பாட்டைப் போட்டார்கள். கேமரா கீழே இருந்தது, இடுப்பு உயரத்தில், ஒரு குட்டி நாயை மாதிரி அவளையே பார்த்துக்கொண்டு. டான்ஸ் சொல்லிக்கொடுத்த பிரான்சிஸ் மாஸ்டர் சொன்னார், மூஞ்சி வராதும்மா, ஃப்ரீயா இரு. ஃப்ரீயா இரு. அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. முதல் தடவை விறைப்பாகத்தான் நின்றாள், குடம் அணைத்தவள் மாதிரி. இரண்டாவது தடவை தவில் ஒரு இடத்தில் தள்ளிக்கொண்டு போகுமே, அங்கே, என்னவோ கழன்றது. இத்தனை வருஷம் நேராக நடந்து நடந்து எங்கேயோ சேர்த்து வைத்திருந்ததெல்லாம், ஸ்கூலுக்கு நடந்தது, சர்ச்சுக்கு நடந்தது, ரேஷன் கடைக்கு நடந்தது, அத்தனையும் ஒரே வழியாக வெளியே வந்தது. முகம் யாருக்கும் வேண்டாம் என்பதால் முகத்தை இஷ்டத்துக்கு விட்டாள். சிரித்தாள், நாக்கைக் கடித்தாள், ஒரு இடத்தில் அழுதாள்கூட. மாஸ்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். சுற்றி நின்ற லைட்மேன்கள் விசிலடித்தார்கள், அந்த விசில் வேண்டாம், அதை எடுத்துவிடலாம், அதற்கு முன்னால் ஒரு நொடி யாருமே மூச்சு விடாமல் இருந்தார்களே, அது மட்டும் போதும்.

பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் பறையடித்தார்கள். பகுதிப் பையன்கள்தான், மேளம் சூடேறி ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. போகிற போக்கில் ஒருவனுடைய குச்சி தடம் மாறியது. டண்டக டண்டக என்று போனது, என்ன என்று தெரிவதற்குள் சாவிக்கொத்துப் பாட்டின் அடிக்குள் விழுந்துவிட்டது. கைக்குப் பழக்கமாகிப் போனது, அவன் என்ன செய்வான். கூட இருந்தவனும் சேர்ந்துகொண்டான். கோவேந்தன் அண்ணன் முறைத்தார். ஆனால் அந்த நாலு அடிக்குள் ஷாமியானாவில் என்னென்னவோ நடந்துவிட்டது: டில்லியக்காவின் தோள் எழும்பி இறங்கியது, வரிசைக் கடைசியில் ஒரு கிழவியின் கால் கட்டைவிரல் தாளம் போட்டது, சுகிர்தாவின் புடவைக்குள் வலது பக்கம் ஒரு நரம்பு கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பதுபோல எழுந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை உட்கார வைத்தாள். அம்மா பார்த்தாளா? அம்மா நேராக ஃபிளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரமாகவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன பார்க்கிறாள். குழந்தையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டின கை அது, அந்தக் கைக்குத் தெரியாத வளைவு இந்த உடம்பில் எது? இல்லை, தெரியாது, தெரிந்தால் இப்படி உட்கார்ந்திருப்பாளா, அப்போதே எழுந்து போயிருப்பாள். பிரிசில்லா சொல்லிவிடுவாளா? சொல்ல மாட்டாள். மேக்கப்காரர் எப்போதாவது பேட்டி கொடுப்பாரா? நம் பெயர்கூட அவருக்குத் தெரியாது, ஷேடுதான் தெரியும். ஸ்கூலில் தெரிந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அது போகட்டும், வேறு ஸ்கூல். அம்மாவுக்கு வேறு தெரு கிடையாது. பேசாமல் போய் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்துவிடலாம். எழுதிப் பழகியாயிற்று. பண்பாட்டுச் சீரழிவு என்று ஆரம்பிக்க வேண்டும். யாருக்கு என்ன நஷ்டம், ஃபிளெக்ஸுக்குக் காதா இருக்கிறது.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்!" கோவேந்தன் அண்ணன் முடிக்கிற இடத்துக்கு வந்துவிட்டார். குரல் உடைந்து, அதனாலேயே இன்னும் உயரமாகப் போனது. "பம்பாயிலேர்ந்து ஒருத்திய இட்டாந்து, மூஞ்சில கரியப் பூசி, இடுப்புல கரியப் பூசி, இதான்டா உங்க பொண்ணுன்னு காட்டுறான்! அந்த இடுப்பு நம்ம வீட்டுப் பொண்ணு இடுப்பா?"

"இல்ல!" என்றது கூட்டம்.

"நம்ம வீட்டுப் பொண்ணு இப்படி ஆடுவாளா?"

"ஆட மாட்டா!"

"சத்தமா!"

"ஆட மாட்டா!"

இத்தனை நேரம் திட்டினதெல்லாம் சுகிர்தாவைத் தொடவில்லை. ஆபாசம் என்றார்கள், வெட்கங்கெட்டது என்றார்கள், அதெல்லாம் மழை மாதிரி, நனைந்துவிட்டுத் துடைத்துக்கொள்ளலாம். இது வேறு மாதிரி விழுந்தது. நம்ம வீட்டுப் பொண்ணு இல்லை. எல்லாரும் சேர்ந்து, டில்லியக்கா, குழாயடியில் சண்டை போடுகிறவர்கள், சாவுக்கு வந்து மாரடிக்கிறவர்கள், அத்தனை பேரும் ஒரே குரலில் அவளைப் பிடித்துத் தெருவை விட்டு வெளியே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஆடினது பம்பாய்க்காரி. அந்த ஒரு நாள், அந்த ஒரு நொடி, அந்தத் தவில் தள்ளின இடம், அதுவும் அந்தம்மாவுக்கே போய்விட்டது. சினிமாக்காரன் முகத்தை எடுத்துக்கொண்டான், மீதியை இவர்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள், இந்தாம்மா, இதையும் வைத்துக்கொள் என்று. அம்மாவின் குரலும் அதில் இருந்ததா? இருந்த மாதிரிதான் இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. காதில் ரத்தம் அடிக்கிற சத்தத்தில் எதையும் பிரித்துக் கேட்க முடியவில்லை.

"அடுத்து, நம்ம தங்கச்சி, ஆசிரியை சுகிர்தா!"

கைதட்டினார்கள். அம்மா அவள் முந்தானையை இழுத்துத் தோளில் சரிசெய்து, போ, என்றாள். மூன்றே படி. மைக் அவள் உயரத்துக்கு மேலே இருந்தது, ரேடியோ செட்காரர் வந்து இறக்கிவிட்டுப் போனார். கீழே முகங்கள். முகங்களுக்கு எதிரே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் அது. இங்கிருந்து பார்த்தால் அதுவும் அவளும் நேருக்கு நேர். வணக்கம் என்றாள், குரல் தியேட்டர் சுவரில் மோதி, வணக்கம் என்று திரும்பி வந்தது. பண்பாட்டுச் சீரழிவு என்று ஆரம்பிக்க வேண்டும். வாய் திறந்தது.

"அண்ணன் சொன்னதெல்லாம் சரி," என்றாள். "ஒண்ணு மட்டும் தப்பு. அது பம்பாய்க்காரங்க இடுப்பு இல்ல."

ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"அந்த இடுப்பு என்னோடது."

சொல்லிவிட்டாள். இப்போது நாற்காலிகள் நகரும் என்று காத்திருந்தாள். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. நகரவில்லை. கோவேந்தன் அண்ணன் கண்ணில் தண்ணீர் முட்ட, கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். "பாத்தீங்களா! இதான் படிப்பு! யாரோ ஒருத்திய அவமானப்படுத்துனா அது எனக்கு நடந்த அவமானம்னு சொல்லுது பாருங்க, அந்த மனசு!" அந்தப் பகுதியில், அங்கே சிந்தின ரத்தம் என் ரத்தம் என்று சொல்லாமல் யாரும் மேடை இறங்கியதில்லை. எத்தனையோ ரத்தத்தையும் எத்தனையோ கண்ணீரையும் தங்களுடையது என்று அறிவித்த பேச்சாளர்களைக் கேட்டுப் பழகின காதுகள். இடுப்பு மட்டும்தான் புதிது. ஷாமியானா அதிர்ந்தது.

"இல்லண்ணா," என்றாள் சுகிர்தா. "நெஜமாவே, நான்தான்..."

"நெஜம்தாம்மா! நெஜம்தான்!"

"எங்கிதும்தான்!" என்று எழுந்து நின்றாள் டில்லியக்கா, கையை இடுப்பில் குத்திக்கொண்டு. "எம்மாவோ எளச்சிப் போச்சு, ஆனா எங்கிதும்தான்!"

சிரிப்பும் விசிலுமாக இன்னும் நாலைந்து பெண்கள் எழுந்தார்கள். என் இடுப்பும்தான், என்னுதும்தான். பறைக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தார்கள். கோவேந்தன் அண்ணன் சுகிர்தாவின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார், அவள் தலையில் கைவைத்து வாழ்த்துவதுபோல ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். உலகத்தின் முன்னால் சொல்லியாயிற்று, சொன்னது யார் கையிலும் சிக்காமல் கைதட்டலோடு போய்விட்டது. தப்பித்துவிட்டோமா என்று நினைத்தாள். தப்பித்த மாதிரி இல்லை. ரயிலேற வந்தவளை விட்டுவிட்டு ரயிலே போய்விட்ட மாதிரி இருந்தது. படி இறங்குகையில்தான் பார்த்தாள், அத்தனை கைகளுக்கு நடுவில் இரண்டு கைகள் மட்டும் தட்டவில்லை. மடியில் கிடந்தன.

வந்து உட்கார்ந்தாள். அம்மா இவள் பக்கம் திரும்பவில்லை. தியேட்டர் முகப்பைக் கீழிருந்து மேலாக, மெதுவாக, சாவியிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து அந்தச் சின்ன முகத்துக்கு, துணியை விரித்துக் கறை இருக்கிறதா என்று பார்க்கிறவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடைத்தாள் என்று சொன்னது, பிரிசில்லா, கோடை விடுமுறை, எதிலிருந்து தொடங்குவது என்று சுகிர்தா தேடிக்கொண்டிருந்தாள். அம்மா உதடு அசையாமல் கேட்டாள்.

"மூஞ்சிய ஏன்டி காட்டல?"

சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தாள். அம்மா திரும்பினாள். அந்த முகத்தில் பஸ் ஸ்டாப் இல்லை. வேறு என்னவோ இருந்தது, அதற்கு அவளிடம் பெயர் இல்லை.

"கேட்டேம்மா," என்றாள் சுகிர்தா. சின்னப் பிள்ளைபோலக் குரல் உடைந்தது. இதை அவள் பிரிசில்லாவிடம்கூடச் சொன்னதில்லை, தனக்குள்ளேயே சொல்லிக்கொள்ளாமல் எங்கோ ஒளித்து வைத்திருந்தாள். "கடசில, ஒரே ஒரு தடவ மூஞ்சியோட எடுங்க சார்னு கேட்டேன். சிரிச்சிட்டு, வேணாம்னுட்டாங்க."

மேடையில் முழக்கம் எழுந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். அம்மாவும் எழுந்தாள்.

"எவன்டி அவன் வேணாம்னவன்?"

டில்லியக்கா திரும்பினாள். முன்வரிசை முழுக்கத் திரும்பியது, தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அம்மா இன்னொரு தடவை கேட்டாள், இன்னும் சத்தமாக.